சிலிம்காவில் பனி உடைந்த நாள்

சிலிம்கா மேல் காவல்வீடு,
12 அக்டோபர் 2008.

அன்புள்ள மகள் மார்ஃபூஷாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், ஆடு சுகம், நாய் புயான் ஒரு கால் நொண்டினாலும் சுகம். கலினின்கிராத்தில் நீயும் பேரன் கிரிஷாவும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் தினசரி வேண்டுதல். நீ அனுப்பிய பொட்டலம் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. மீன் டப்பாக்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், முழங்கால் தைலத்தைப் பாதி தீர்த்துவிட்டேன். வலி தைலத்துக்கு அடங்குகிறதோ இல்லையோ, மகள் அனுப்பியது என்ற மரியாதைக்கு அடங்குகிறது. தோட்டத்தில் உருளைக்கிழங்கு பன்னிரண்டு மூட்டை வந்தது. போன வாரம் கரடி ஒன்று குளியல் குடிலின் ஜன்னலை உடைத்து உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. சோப்பை மட்டும் தின்றிருக்கிறது, நன்றாகச் செரிக்கட்டும். அன்னங்கள் மூன்றாம் தேதி போய்விட்டன. எழுதிவைத்துவிட்டேன். கரையோரத்தில் காலையில் மெல்லிய பனி ஏடு கட்டத் தொடங்கிவிட்டது, நாளைக்கு யெமெல்யான் படகை எடுக்கிறான், இந்த வருஷத்துக் கடைசிப் படகு. இதில் கடிதம் போகாவிட்டால் அப்புறம் ஆறு உறைந்து வண்டி ஓடுகிறவரை உனக்கு ஒரு வரி வராது. அதனால்தான் கிழங்கைக்கூட உரிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வருகிற மே மாதம் கிரிஷாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், என் நாற்பதாவது பிறந்தநாளை அங்கே வைத்துக்கொள்ளலாம், பதினொன்றாம் தேதி ஆற்றில் பனி உடைவதை அவன் பார்க்கட்டும் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா இடத்தில் இப்போது வனக்காவலனாக இருக்கும் யெமெல்யானிடம் சொன்னேன். அவன் மூஞ்சியைச் சுளித்து, "நாப்பதைக் கொண்டாடவே கூடாது லுகேரியா இவானவ்னா, எமன் கணக்குப் பாக்கற வயசு அது, முப்பத்தொம்பதையே ரெண்டாந்தடவ கொண்டாடச் சொல்லுங்க" என்றான். நீ அதற்கெல்லாம் பயப்படாதே. கொண்டாட்டம் என்று பெயர் வைக்காமல் மீன் அடைத்த ரொட்டி சுட்டுத் தின்றால் எந்த எமனுக்கும் தெரியாது. ஆனால் நீ அந்தப் பதினொன்றாம் தேதியைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றித்தான் நான் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். போன மாதம்வரை அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இப்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உனக்கு நினைவிருக்கும், ஒவ்வொரு பிறந்தநாளிலும் அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவார். "நீ பொறந்த அன்னிக்குத்தான்டி இந்த ஆறு தெறந்துச்சு, ஒனக்கு வழிவிடத்தான் தெறந்துச்சு" என்பார். நீ ஐந்து வயதில் ஆற்றைப் பார்த்து நன்றி சொன்னாய். ஏழு வயதில், பனி அதற்கு முன்பே போய்விட்ட ஒரு வருஷம், என் பிறந்தநாளுக்கு ஆறு காத்திருக்கவில்லை என்று சாப்பிடாமல் அழுதாய். எனக்கு எல்லாம் கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது. மார்ச் மாதங்களில் அப்பாவோடு நீயும் குட்டிப் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு பனியில் விலங்குகளின் தடம் எண்ணப் போவாய். முதல் நாள் பாதை நெடுக இருக்கிற பழைய தடங்களையெல்லாம் அழித்துவிட்டு வர வேண்டும், மறுநாள் புதிதாக விழுந்ததை மட்டும் எண்ண வேண்டும். தேவதாரு கிளையை இழுத்துக்கொண்டு நீ முயல் தடங்களை அழித்தபடியே போவாய், மரநாயின் தடம் அழகாக இருக்கிறது, அழிக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பாய். அப்பா உனக்காக அதைச் சுற்றிக்கொண்டு போவார், பிறகு நீ பார்க்காதபோது திரும்பி வந்து அழிப்பார். அந்த மனிதர் கணக்கில் ஒரு முயலைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. இதை நான் இப்போது அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஆகஸ்டில் நகரத்திலிருந்து நோன்னா என்று ஒரு பெண் வந்தாள். இருபத்தெட்டு வயது, ஒல்லி, தேநீரில் சர்க்கரை போடாதவள், ஆனால் வேலையில் சூரப்புலி. நம் காப்புவனத்தின் பெரிய குறிப்பேடுகளை, எழுபது வருஷத்தையும், கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். ஆறு எப்போது உறைந்தது, எப்போது உடைந்தது, குயில் எப்போது முதலில் கூவியது எல்லாம். 1964-லிருந்து என் கையெழுத்துதான் என்பதால் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் பெருமையாகத்தான் இருந்தேன். ஒருநாள் காளான் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அவள் வந்து, "லுகேரியா இவானவ்னா, அறுபத்தொம்பதுல ஒரு கோளாறு இருக்கு" என்றாள். நம் சிலிம்கா வடக்கே ஓடுகிற ஆறு, மேலே இருக்கிற நம்மிடம்தான் பனி முதலில் உடையும், நாற்பது கிலோமீட்டர் கீழே பெலோபோர் கிராமத்தில் இரண்டு மூன்று நாள் கழித்து உடையும். எழுபது வருஷமும் அப்படியே இருக்கிறது. 1969-இல் மட்டும் பெலோபோரில் மே ஏழு, நம்மிடம் மே பதினொன்று. "கீழ மொதல்ல ஒடைஞ்சு மேல அப்புறம் ஒடையுமா? இது யாரோட கையெழுத்து?" என்று கேட்டாள். அது அப்பாவின் கையெழுத்து. நான் அப்போது பெலோபோர் ஆஸ்பத்திரியில் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மார்ஃபூஷா, எனக்கு அந்தத் தேதி தப்பு என்று முப்பத்தொன்பது வருஷமாகத் தெரியும். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே ஆறு. ஏழாம் தேதி பனி உடைந்து வீட்டளவு கட்டிகள் முட்டிமோதிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். நீ பிறந்தது நான்கு நாள் கழித்து. மாதக் கடைசியில் உன்னைத் துணியில் சுற்றிப் படகில் கொண்டுவந்தேன். முதல் வேலையாகக் குறிப்பேட்டைத்தான் திறந்தேன், என் புத்தி தெரியாதா உனக்கு. மே ஐந்திலிருந்து பத்து வரை ஆறு நாள் வெறும் கட்டங்கள். வெப்பநிலை இல்லை, காற்று இல்லை, ஒன்றும் இல்லை. அப்புறம் பதினொன்றாம் தேதிக் கட்டத்தில் "பனி போய்விட்டது, ஆறு திறந்திருக்கிறது" என்று ஒரு வரி. கேட்டேன். "காய்ச்சல்ல கெடந்தேன் லூஷா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். வீட்டிலிருந்து இருபது அடியில் ஆறு, பனி உடைகிற சத்தத்தில் தட்டெல்லாம் அலமாரியில் ஆடும், எந்தக் காய்ச்சல்காரனும் எழுந்துவிடுவான். அந்தக் காலத்தில் காவல்வீடுகளில் தனியாக இருந்த ஆண்கள் குறிப்பேட்டை வெறுமையாக விட்டால் காரணம் ஒன்றுதான், போத்தல். நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன். நான் அங்கே செத்துப்பிழைத்தபோது இவர் ஆறு நாள் குடித்துக் கிடந்திருக்கிறார், எழுந்ததும் ரேடியோவில் மகள் பிறந்த சேதி கேட்டு, மனம் உருகி, மகள் பிறந்த நாளையே ஆற்றுக்கும் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் உன்னைக் கையில் வாங்கிக்கொண்டு கரைக்குப் போய், இவளுக்காகத்தான் ஆறு திறந்தது என்று ஆற்றிடமே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மனம் வரவில்லை. பொய்த் தேதியை அப்படியே விட்டேன்.

விட்டேன் என்று சொன்னாலும் மனதுக்குள் விடவில்லை. உனக்கு ஒன்பது வயது, அந்த அக்டோபரில் என்னவோ சண்டை, கூரைக்குத் தார் வாங்கவில்லை என்றுதான் ஆரம்பித்தது. நான் கோபத்தில், "நான் அங்க உசுருக்குப் போராடறப்போ நீ இங்க போத்தலோட உருண்டவன்தானே" என்று சொல்லிவிட்டேன். நீ மேசைக்கடியில் நாயோடு உட்கார்ந்திருந்தாய், கேட்டுவிட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போனார், இருட்டும்வரை பிளந்தார். அந்தப் பேச்சில்லாததையும் நான் ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் நீ, "அப்பா மாதிரி ஒருத்தர்தான் வேணும், ஆனா குடிக்கக் கூடாது" என்றாயே, அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா என்ன.

நோன்னாவிடம் உண்மையைச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "அறுபத்தொம்பதை எடுத்துடலாம், அது பெரிய விஷயமில்ல. ஆனா அவர் ஒரு தேதியைக் கற்பனையா எழுதியிருக்கார்னா, அவர் கையெழுத்துல இருக்கற தடக் கணக்கு எல்லாத்துக்கும் பக்கத்துல சந்தேகக் குறி போட்டுத்தான் ஆகணும். எனக்கு வேற வழியில்ல" என்றாள். முப்பத்திரண்டு குளிர்காலம், மார்ஃபூஷா. நாற்பது டிகிரி குளிரில், மூக்கு நுனி கறுத்துப்போக, அப்பா நடந்து நடந்து எண்ணியது. அவர் போய் மூன்று வருஷமாகிறது, வாய் திறந்து ஒரு பதில் சொல்ல ஆள் இல்லை. அந்தப் பெண் செய்தது சரிதான், அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆனாலும் என் வாயாலேயே என் புருஷனின் வாழ்நாள் வேலைக்குக் குறி போட வைத்துவிட்டேனே என்று இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் பைன் காய் எண்ணுகிற வேலை. நோன்னா, யெமெல்யான், நான் மூவரும் படகில் கீழே போனோம். பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் மழை பிடித்துக்கொண்டது. இடது கரையில் ஒரு பழைய குடில் இருக்கிறது என்று யெமெல்யான் படகை ஒதுக்கினான். அது அந்தக் காலத்துக் காவலர்களின் ரோந்துப் பாதையில் இருந்த குடில், பாதை மாறி முப்பது வருஷம் ஆகிறது, இப்போது யாரும் போவதில்லை. வனத்துக்குள் விழுந்ததை எடுக்கக் கூடாது, சாய்ந்ததை நிமிர்த்தக் கூடாது என்பதால் குடிலும் தன்பாட்டுக்கு மட்கிக்கொண்டிருக்கிறது, கூரையில் பாதி இல்லை. நான் அதற்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. உள்ளே அடுப்பு இருந்தது, தகர டப்பாவில் தீக்குச்சிகூட இருந்தது. தங்கிவிட்டுப் போகிறவர் அடுத்து வருகிறவருக்கு விறகும் தீக்குச்சியும் வைத்துவிட்டு, சுவர்க் கட்டையில் தேதியும் பேரும் எழுதிவிட்டுப் போவது காவலர் வழக்கம் அல்லவா. யெமெல்யான் அடுப்பைப் பற்றவைத்தான். நான் ஈரத் தலைத்துணியைக் காயப்போட இடம் தேடிச் சுவர்ப் பக்கம் போனேன். கட்டையில் பென்சில் எழுத்து. நடுவில் கோடு போட்ட ஏழு. அந்த எண்ணை நம் வனத்தில் ஒரே ஒரு ஆள்தான் அப்படிப் போடுவார்.

நோன்னா படம் எடுத்திருக்கிறாள், இருந்தாலும் என் கையாலேயே உனக்கு எழுதுகிறேன், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை:

"1969, மே 4, மாலை. இன்று காலை வீட்டு ரேடியோவில் டாக்டர் சொன்னார், லூஷாவுக்கு ரத்த அழுத்தம், குழந்தை குறுக்கே கிடக்கிறது. நாளைக் காலையில் இங்கே ஆற்றைக் கடந்து பெலோபோர் போகிறேன். மே 5. கரையோரம் தண்ணீர் ஏறிவிட்டது. மாலை 4 மணிக்குப் பனி உடைந்தது. நான் தப்பான கரையில். மே 6. பனி ஓடுகிறது. பின்னால் ஓடையும் பெருகிவிட்டது, வீட்டுக்கும் போக முடியாது. மே 7. பனி. மே 8. ரொட்டி தீர்ந்தது. யாரோ வைத்த சேமியாவுக்கு நன்றி. மே 9. போர் வெற்றி நாள், எனக்கு நானே வாழ்த்துச் சொல்லிக்கொண்டேன். மே 10. ஓடை வடிகிறது. திரும்புகிறேன். லூஷா, நான் உன்கிட்ட வந்துகிட்டுத்தான் இருந்தேன். சவேலி."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நோன்னாவும் படித்தாள், என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மே என்பது வசந்தத்தில் பறவைகள் வருகிற மாதம், வேட்டைத் திருடர்கள் வருகிற மாதமும் அதுதான், அப்போது காவல்வீட்டை விட்டு நகர்ந்தால் அன்றைய இயக்குநர் அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கிவிடுவார். அந்த வருஷமே ஒருவரை நீக்கியிருந்தார். அதனால்தான் அந்தக் காய்ச்சல். சரி, அது பயத்தில் சொன்ன பொய். ஆனால் அந்தப் பதினொன்று? யோசிக்க யோசிக்கத்தான் எனக்கு விளங்கியது. ஏப்ரலில் ஆஸ்பத்திரிக்குப் போக நான் பனிவண்டியில் ஏறும்போது குறிப்பேட்டை அவர் கையில் கொடுத்து விரலை ஆட்டிச் சொன்னேன், "ஊகிச்சு எழுதாத சவேலி. வேற எடத்துல பாத்ததையும் எழுதாத. இந்த வாசல்ல நின்னு கண்ணால பாத்த நாளை மட்டும் எழுது." அப்படியே செய்திருக்கிறார். பனி உடைந்தது ஐந்தாம் தேதி என்று அவருக்குத் தெரியும், ஆனால் பார்த்தது குடிலில். நம் வாசலில் நின்று ஆற்றைத் திறந்ததாகப் பார்த்தது பதினொன்றாம் தேதி. ஆறு நாளைக்கு ஊகித்து ஒரு வெப்பநிலைகூட எழுதவில்லை, வெறுமையாகவே விட்டார். அது குடிகாரனின் வெறுமை என்று நான் நினைத்தேன். என் பேச்சைக் கேட்டதற்குத்தான் அவருக்கு அந்தத் தண்டனை. அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்றால் நான் திட்டியிருப்பேன், மார்ஃபூஷா. சத்தியமாகத் திட்டியிருப்பேன். அது அவருக்குத் தெரியும். கூரைத் தார்ச் சண்டையில் நான் அந்த வார்த்தையைச் சொன்னபோதும் வாய் திறக்கவில்லையே, அதை மட்டும் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. வந்தும் சேரவில்லை, சேராததைச் சொல்லி என்ன லாபம் என்று நினைத்திருப்பார், பிடிவாதக்கார மனிதர்.

அந்தக் கட்டையை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. கூரை போய்விட்டது, இன்னும் ஐந்தாறு வருஷத்தில் எழுத்தும் போய்விடும். யெமெல்யானைப் பார்த்து, ரம்பத்தை எடு என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். "எடுக்கறேன், ஆனா நாப்பது வருசமா ஒரு காயைக்கூட எங்களைப் பொறுக்க விடாதவங்க நீங்க. ரம்பத்தை எந்தக் கைல புடிக்கணும்னும் நீங்களே சொல்லிடுங்க" என்றான். அப்போது உன் மான் கொம்பு நினைவுக்கு வந்தது. எட்டு வயதில் ஓடைக்கு அப்பால் கிடந்த கொம்பைப் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாய். நான் மழையில் மூன்று கிலோமீட்டர் உன்னைத் திரும்ப நடக்கவைத்து, எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே வைக்கச் சொன்னேன். இருபது நாள் என்னோடு நீ பேசவில்லை. அந்தக் கொம்பை எலிகள் தின்று தீர்க்க நான்கு வருஷம் ஆனது, அதையும் குறித்துவைத்திருக்கிறேன், ஆனால் உன் அழுகையை எங்கேயும் குறிக்கவில்லை. என்னை மன்னித்துவிடு. விதி சரிதான், அந்த நாளில் உன் கையைப் பிடித்துக்கொண்டு கூட நடந்திருக்கலாம், ஒரு வார்த்தை அன்பாகச் சொல்லியிருக்கலாம். ரம்பத்தை உள்ளே வை என்றேன். கட்டை அங்கேயே இருக்கிறது.

திரும்பி வந்ததும் 1969 குறிப்பேட்டை எடுத்தோம். தப்பை அழிக்கக் கூடாது, ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே சரியானதை எழுதி, திருத்தியவர் கையெழுத்துப் போட வேண்டும். பதினொன்றை அடித்தேன். "மே 5, மாலை 4 மணி. காவல்வீட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே, இடது கரைக் குடிலிலிருந்து நேரில் பார்த்தவர் சவேலி. சாட்சி, குடிலின் சுவர்" என்று எழுதினேன். நோன்னா கணினியில் ஏற்றினாள். நம்மிடம் ஐந்து, பெலோபோரில் ஏழு. மற்ற வருஷங்களோடு அச்சாகப் பொருந்திவிட்டது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே, "இவர் கையெழுத்துக்குச் சந்தேகக் குறி போடறதுக்கு எனக்குத் தகுதி இல்ல" என்றாள். குறிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அன்று அவள் தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரையைக் கேட்காமலே போட்டேன், குடித்துவிட்டாள்.

ஆகவே கண்ணே, நீ பிறந்த நாளில் ஆறு திறக்கவில்லை. அதற்கு ஆறு நாள் முன்பே திறந்து, உன் அப்பாவை வழியில் மறித்துவிட்டது. கதை போய்விட்டதே என்று வருந்தாதே, எனக்கு இது அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அப்பா குடித்துக் கிடக்கவில்லை என்று மட்டும் நீ அறிந்துகொள், கிரிஷாவுக்கும் சொல். மே மாதம் வா. இப்போதெல்லாம் பனி ஏப்ரல் கடைசியிலேயே போய்விடுகிறது, நீ வரும்போது ஆற்றில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். பரவாயில்லை, உங்களை அந்தக் குடிலுக்குப் படகில் கூட்டிப்போகிறேன். கிரிஷாவுக்கு ரப்பர் பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக வாங்கு, கம்பளிச் சாக்ஸ் நான் பின்னிவிட்டேன். உன் துறைமுகத்து அலுவலகத்தில் காற்றுப்புகும் ஜன்னல் பக்கம் உட்காராதே. ஒரு பென்சில் எடுத்துவர மறக்காதே, பேனா மை அந்தக் கட்டையில் நிற்காது. கடவுள் உங்கள் இருவரையும் எல்லாக் கரையிலும் காக்கட்டும், அப்பாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உண்டு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மழை விட்டுக் கிளம்பும்போது மற்ற இருவரையும் படகுக்கு அனுப்பிவிட்டேன். விறகை அடுக்கி, காய்ந்த தீக்குச்சிகளை டப்பாவில் போட்டு மூடினேன். பிறகு வழக்கப்படி சுவரில், அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: "28 செப்டம்பர் 2008. மழை. சவேலி, நானும் வந்துவிட்டேன். லூஷா."

உன்னைக் காண ஏங்கும் அம்மா,
லுகேரியா.